பாவனைப் பறப்பும் சீனன்குடாவும்

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பைக் கடல்வழியே வந்தோர் பலர் கண்டு வியந்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக அதனை விரும்பிக் கைப்பற்றியமைக்கு அதன் ஆழமும் அடக்கமுமே காரணம் என்பது வரலாறு கற்றோர் அறிந்ததாகும். வான்வழியே அத்துறைமுகத்தை நோக்கிய வரலாறு அதனினும் மிக இளையது. சீனன்குடாவிலே ஆங்கில வான்படையினர் தளம் அமைத்த பின்னரே, கோணமலையும் உட்குடாவும் தம்பலகாமப் பரவைக்கடலும் ஒருங்கே ஒரு மனிதன் கண்ணில் படும் நிலை உண்டாயிற்று.

இன்று மூன்றாவதாக ஒரு நோக்கும் தோன்றியுள்ளது. விமானத்தில் ஒருமுறையேனும் ஏறியறியாத மாணவன் தன் வீட்டு மேசையிலிருந்து கணினித் திரையின் வாயிலாகச் சீனன்குடா ஓடுபாதையிலிருந்து எழுந்து துறைமுகத்தைச் சுற்றிவருதல் கூடும். சிமியூலேற்றர் என்று ஆங்கில வழக்கில் கூறப்படும் பறப்புப் பாவனைப் பொறியே இதனை இயல்விப்பது. அப்பொறியோடு வேண்டியவாறு சேர்த்துக்கொள்ளும் மென்பொருட் பொதிகளும் பல உள. இப்பொறி தோன்றிய வரலாறு யாது, அதனுள்ளே ஓர் ஊர் நிறுவப்படும் முறை யாது, அவ்வாறு நிறுவுவோர் கொள்ளவேண்டிய கருத்து யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணில் இருந்தே பறந்தோர்

பறத்தலைப் பாவனை செய்து பயிலும் எண்ணம் விமானத்தோடு ஏறத்தாழ உடன்பிறந்ததாகும். 1910 ஆம் ஆண்டளவிலே பிரான்சு நாட்டில் அன்ரனெற் என்னும் விமானத்தை ஓட்டப் பயில்வோர்க்கென ஒரு கருவி அமைக்கப்பட்டது. பாதியாகப் பிளந்த பீப்பாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மேலதிலே மாணவனை இருத்தி, உதவியாளர் அதனை அசைத்துக் கொடுக்க, அவன் கைச்சக்கரங்களைத் திருப்பி அதனை நேர்நிலைக்குக் கொண்டுவர முயல்வான். இன்றைய கண்ணுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் அக்காலத்தில் வானிலே செய்யும் முதற்பிழை பெரும்பாலும் கடைசிப் பிழையாகவே முடிந்தது. பிழை செய்தும் உயிர்பிழைக்கும் இடம் ஒன்று வேண்டும் என்பதே அப்பீப்பாய்க் கருவியின் உட்கருத்தாகும்.

அக்கருத்தை நிறைவேற்றியவர் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துப் பிங்கம்ரன் நகரைச் சேர்ந்த எட்வின் லிங்க் ஆவர். அவருடைய தந்தையார் பியானோவும் ஓர்கன் என்னும் துருத்தி இசைக்கருவியும் செய்யும் தொழிற்சாலை உடையவர். காற்றையடைத்துத் துருத்தியை விரித்தும் காற்றை நீக்கிச் சுருக்கியும் இசையெழுப்பும் நுட்பத்தை இளமையிலேயே கற்ற லிங்க், அத்துருத்திகளையே ஒரு சிறு விமானப்பெட்டியின் அடியிற் பொருத்தி, கைப்பிடியை அசைக்குந்தோறும் பெட்டி சாயவும் நிமிரவும் திரும்பவும் செய்தார். 1929 ஆம் ஆண்டில் நிறைவுற்ற அப்பொறியை முதலில் விரும்பி வாங்கியோர் கேளிக்கைப் பூங்கா நடத்துவோரே.

1934 ஆம் ஆண்டு இந்நிலை மாறிற்று. அமெரிக்கத் தரைப்படையின் வானப்பிரிவினர் அவ்வாண்டு பெப்ருவரியிலே தபால் கொண்டுசெல்லும் பணியை ஏற்றனர். இரவிலும் பனிமூட்டத்திலும் கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கப் பழகாமையால், சில கிழமைகளுக்குள்ளேயே விமானிகள் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே லிங்கின் பொறிகள் ஆறு வாங்கப்பட்டன. மூடிய பெட்டியினுள் இருக்கும் மாணவன் வெளியே ஒன்றையும் காணான். முன்னுள்ள கருவிகளே அவனுக்குக் கண். அவன் செல்லும் வழியை ஆசிரியர் மேசைமீது விரித்த நிலப்படத்திலே சிறு சக்கர ஊர்தி ஒன்று மையினாற் கோடிட்டுக் காட்டும். இரண்டாம் உலகப்போரின் காலத்தில் நேச நாட்டு விமானிகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இப்பொறியிலே பயின்றனர் என்பர்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. லிங்கின் பெட்டி மாணவனுக்கு நிலத்தைக் காட்டவில்லை. எனினும் அவன் எங்கே பறந்தான் என்பதைக் கூற ஒரு நிலப்படம் வேண்டியிருந்தது. பாவனைப் பறப்புக்கும் மெய்ந்நிலத்துக்கும் உள்ள தொடர்பு அன்றே தொடங்கிவிட்டது.

கணினியின் வருகை

1944 ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கடற்படையினர் எவ்வகை விமானத்தின் இயல்பையும் காட்டவல்ல ஒரு பாவனைப் பொறியை ஆக்கித் தருமாறு மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தை வேண்டினர். அப்பணியை மேற்கொண்ட ஜே பொறெஸ்ரர் என்பார், விமானி கைப்பிடியை அசைத்த கணத்திலேயே விடைகூற வல்ல விரைவான கணிப்பு இல்லையேல் இது கைகூடாது எனக் கண்டார். அவர் முயற்சி முழுமையான இலக்கக் கணினியாக வளர்ந்தது. 1951 இல் இயங்கத் தொடங்கிய வேள்விண்ட் என்னும் அக்கணினி, கேட்டவுடன் விடைதரும் கணினிகளுக்கு முன்னோடியாயிற்று. விமானம் கேட்டுத் தொடங்கி, விமானம் கைவிடப்பட்டுக் கணினி எஞ்சியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

கணினி வீட்டுப்பொருளாக மாறியபோது விமானம் மீண்டு வந்தது. இலினோய் பல்கலைக்கழகத்திலே பயின்ற புறூஸ் ஆட்விக் என்பார், கணினித் திரையிலே பறப்புக் காட்சியை வரைதல் பற்றி 1975 இல் ஓர் ஆய்வுரை எழுதினார். அவர் நிறுவிய சப்லொஜிக் நிறுவனம் 1979 ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி அப்பிள் கணினிக்கென ஒரு பறப்புப் பாவனை மென்பொருளை வெளியிட்டது. அதிலே நிலம் என்பது சில நேர்கோடுகளே. மலை என்பது சில முக்கோணங்களே. 1982 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் அதனைத் தன் பெயரில் ஐ.பி.எம். கணினிக்கு வெளியிட்டபோது சிக்காகோ முதலிய சில அமெரிக்க நகர்ப் பகுதிகள் அதில் இடம்பெற்றன. சிக்காகோ ஏரிக்கரையிலுள்ள மெய்க்ஸ் என்னும் சிறு விமான நிலையமே புறப்படும் இடமாயிற்று.

சேர்ப்புப் பொதிகளின் தோற்றம்

உலகம் முழுவதையும் ஒரு தட்டிலே அடக்க இயலாமையே சேர்ப்புப் பொதிகள் தோன்றக் காரணமாயிற்று. 1980களின் நடுப்பகுதியிலே சப்லொஜிக் நிறுவனம் நிலக்காட்சித் தட்டுக்களைத் தனித்தனியாக விற்றது. பின்னர், பயன்படுத்துவோரே தத்தம் ஊரின் விமான நிலையங்களை வரைந்து பிறர்க்கு அளிக்கும் வழக்கம் பரவிற்று. 1990களின் நடுப்பகுதியிலே ஓஸ்ரின் மேயர் என்பாரின் எக்ஸ்-பிளேன் தோன்றியது. 1996 இலே தொடங்கிய பிளைற்கியர் என்னும் முயற்சி, விலையின்றி எவரும் பெறவும் திருத்தவும் கூடிய பாவனைப் பொறியை அளித்தது. நிலமும் விமானமும் வானிலையும் ஒலியும் தனித்தனிப் பொதிகளாகச் சேர்க்கப்படும் இன்றைய முறை இவ்வாறே நிலைபெற்றது.

இப்பொதிகளின் வரலாற்றுப் பெறுமதியை மெய்க்ஸ் நிலையத்தின் முடிவு நன்கு விளக்கும். 2003 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஓரிரவிலே நகர முதல்வரின் ஆணைப்படி அதன் ஓடுபாதை இயந்திரங்களாற் பிளக்கப்பட்டது. 2006 இல் வந்த மைக்ரோசொப்ற் பதிப்பிலிருந்து அந்நிலையம் நீங்கியது. எனினும் அதனை நேசித்தோர் சேர்ப்புப் பொதியாக அதனை மீளவும் நிறுவினர். மண்ணிலே இல்லாத நிலையத்திலிருந்து விமானங்கள் இன்றும் எழுகின்றன. அழிந்ததைக் காத்தலும் பொதியாற் கூடும் என்பதற்கு இது சான்று.

2020 ஆகத்து மாதத்திலே பிரான்சின் போர்டோ நகரைச் சேர்ந்த அசோபோ நிறுவனம் ஆக்கிய புதிய மைக்ரோசொப்ற் பதிப்பு வெளிவந்தது. செய்மதிப் படங்களையும் தொலைவிலுள்ள பெருங்கணினிகளையும் கொண்டு உலகனைத்தையும் காட்டும் அப்பதிப்பில் 37,000 க்கு மேற்பட்ட விமான நிலையங்கள் உள. ஆயின் அவற்றுள் கைவினைஞர் தனித்துச் செதுக்கியவை வெளியீட்டின்போது நாற்பதை மிஞ்சவில்லை. இலங்கை நிலையம் ஒன்றும் அவற்றுள் இல்லை. ஏனையவை பொறி தானே ஊகித்து அமைத்தவை. ஊகம் பிழைக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரப் புறப்பகுதியிலே தோன்றிய ஊசிபோன்ற 212 மாடிக் கட்டடமே சான்று. பொதுமக்கள் பங்களிப்பால் அமைந்த நிலப்படத்திலே இரண்டு என எழுதவேண்டிய ஓரிடத்தில் எவரோ 212 எனப் பதிந்தனர். பொறி அதனை ஐயுறாது வானளாவக் கட்டிவிட்டது. அந்நகரத்தார் பலராதலின் பிழையை உடன் கண்டனர். காண்போர் சிலராயுள்ள ஊர்களில் பிழை மெய்யாகவே நின்றுவிடும்.

சீனன்குடாவை நிறுவும் முறை

இனிச் சீனன்குடாவைக் கருதுவோம். அந்நிலையம் உலக வழக்கில் வி.சி.சி.ரி. என்னும் நான்கெழுத்தாற் குறிக்கப்படும். முதலிரண்டு எழுத்தும் இலங்கைக்கு உரியன. அதன் ஓடுபாதை ஏறத்தாழ 2,400 மீற்றர் நீளமானது. ஒருமுனை 06 எனவும் மறுமுனை 24 எனவும் எண் பெறும். திசைகாட்டியின் 60 பாகையும் 240 பாகையுமே அவ்வாறு சுருக்கப்பட்டன. விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். வடகிழக்குப் பருவத்து வாடையும் தென்மேற்குப் பருவத்துக் கச்சானும் மாறிமாறி வீசும் இம்மாவட்டத்தில் ஓடுபாதையின் கிடை அவ்விரு காற்றுக்கும் இசைந்திருத்தல் நோக்கத்தக்கது.

இந்நிலையத்துக்கு ஒரு சேர்ப்புப் பொதியை நிறுவுவோர் அடுக்குமுறையை முதலில் உணர்தல் வேண்டும். அடியிலே நிலத்தின் மேடுபள்ளம். அதன்மேல் வானிலிருந்து எடுத்த படம். அதன்மேல் வீதி, நீர்நிலை, மரம், கட்டடம். எல்லாவற்றுக்கும் மேலே விமான நிலையம். எக்ஸ்-பிளேனில் இவ்வொழுங்கு ஒரு பட்டியற் கோப்பிலே எழுதப்பட்டிருக்கும். பட்டியலின் மேலுள்ளது முந்துரிமை பெறும். நிலையப் பொதி மேலும், மேடுபள்ளப் பொதி அடியிலும் நிற்றல் வேண்டும். இவ்வொழுங்கு பிறழின், நேரே பதிந்த ஓடுபாதையிலே மரம் முளைக்கும், கட்டடங்கள் மறையும். மைக்ரோசொப்ற் பதிப்பில் கொம்யூனிற்றி என்னும் கோப்புறைக்குள் பொதியை இட்டால் அடுத்தமுறை பொறி தொடங்கும்போது அது சேர்ந்துகொள்ளும். செயல் எளிது, ஆயின் ஒரே நிலையத்துக்கு இரு பொதிகளை இட்டுவிட்டு, கட்டடத்துள் கட்டடம் நிற்பதைக் கண்டு மயங்குவோர் பலர்.

பழுது நேராமைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. பொதியோடு வரும் குறிப்பை முதலில் வாசித்தல்; அப்பொதி வேண்டும் துணை நூலகங்கள் உளவோ எனப் பார்த்தல்; பழைய பட்டியலைப் படியெடுத்து வைத்தல்; ஒரு நேரத்தில் ஒரு பொதியை மட்டும் சேர்த்துச் சோதித்தல்; சேர்த்த நாளையும் பெயரையும் ஓர் ஏட்டிற் குறித்தல் ஆகியன அவை. பத்துப் பொதிகளை ஒருங்கே இட்டவன் பழுது நேர்ந்தபோது பத்தையும் ஐயுறுவான். ஒவ்வொன்றாக இட்டவன் ஒன்றையே ஐயுறுவான். ஆய்வுகூடத்து மாணவனுக்கு ஆசிரியர் கூறும் விதியும் இதுவேயாம்.

இவற்றினும் நுண்ணியது உயரம் பற்றிய செய்தி. 2000 ஆம் ஆண்டு பெப்ருவரியிலே என்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் உலகைச் சுற்றி ராடார்க் கதிரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. பல பாவனைப் பொறிகளின் மலையும் மடுவும் அவ்வளவையிலிருந்து பிறந்தனவே. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள நாடுகளுக்கு முதலில் 90 மீற்றருக்கு ஒரு புள்ளி வீதமே அது வெளியிடப்பட்டது. 30 மீற்றர் அளவை பின்னரே கிடைத்தது. கடலினின்றும் செங்குத்தாக எழும் கோணமலைப் பாறையை 90 மீற்றருக்கு ஒருமுறை அளந்தால் நேர்குத்து சரிவாகிவிடும். காடடர்ந்த இடத்திலே ராடார் மரத்தலையையே பெரிதும் நிலமெனக் கொள்ளும். ஆகவே அளவைக் கணக்கு பொய்யன்றாயினும் பாறையின் உண்மை அதில் இல்லை. அதனை அறிந்து திருத்த வல்லவர், அப்பாறையின் விளிம்பிலே நின்று கடலைக் குனிந்து பார்த்தவரே.

சீனன்குடா இலங்கை வான்படையினரின் பயிற்சிக் கழகம் அமைந்த படைத்தளமாதலின், உள்ளே சென்று நிழற்படம் எடுத்தல் பொதுமக்களுக்கு இயல்வதன்று, முயலுதலும் தகாது. வெளியிடப்பட்ட பறப்பு வரைபடங்களும் செய்மதிப் படங்களுமே அதற்குப் போதும். ஊரார் சேர்க்கவேண்டியது தளத்தின் உட்புறத்தையன்று. அதனைச் சூழ்ந்த நாட்டையே. சீனன்குடாப் புகையிரத நிலையம், மாவாலையின் உயர்ந்த கொள்கலங்கள், காட்டிடையே வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்கள், கிண்ணியாப் பாலம், கோணேசர் கோவில் என்பனவே வானோடிக்கு வழிகாட்டும் அடையாளங்கள்.

1942 ஆம் ஆண்டின் துறைமுகம்

பாவனைப் பறப்பை விரும்புவோருட் பலர் பழைய போர்களை மீள நிகழ்த்திப் பார்ப்பவர். திருகோணமலையின் வானிலே அத்தகைய நாள் ஒன்றுண்டு. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் காலை, சித்திரைப் புத்தாண்டு பிறக்கச் சில நாட்களே இருந்தபோது, நகுமோ என்னும் தளபதியின்கீழ் வந்த யப்பானியக் கப்பற்படையின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து ஏறத்தாழ 130 விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. கொழும்பு அதற்கு நான்கு நாள் முன்னரே தாக்கப்பட்டிருந்தது. ராடார் நிலையம் முன்னறிவித்தமையால் 261 ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. ஆயினும் எண்ணிக்கையில் அவை சிலவே. துறைமுகத்தில் நின்ற சகைங் என்னும் கப்பல் தீப்பற்றியது. எண்ணெய்க் குதம் ஒன்றும் எரிந்தது. அதே நாளில் துறைமுகத்தை விட்டு நீங்கிய ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் அதனோடு மாண்டனர்.

அந்நாளின் துறைமுகத்தைப் பொதியாக நிறுவ முயல்பவர் முதலிற் செய்யவேண்டியது சேர்த்தலன்று, நீக்கலேயாம். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம் அன்று இல்லை. அங்கே பாதை என வழங்கும் தோணித்துறையே இருந்தது. மாவாலை இல்லை. கோணமலை உச்சியிலே இன்று விளங்கும் கோவிலும் அன்று இல்லை. பழைய ஆலயத்தை 1624 இல் போர்த்துக்கேயர் இடித்தனர். இன்றைய ஆலயத்தின் குடமுழுக்கு 1963 இலேயே நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அடியார் வெறும் பாறையையே வணங்கினர். இன்றைய செய்மதிப் படத்தை அப்படியே விரித்து அதன்மேல் 1942 இன் விமானத்தைப் பறக்கவிடுபவர், அம்முந்நூறு ஆண்டு இழப்பை அறியாமலே அழித்துவிடுகிறார்.

மாறாக, அன்று இருந்தவையும் உள. 1927 இல் வந்த புகையிரதப் பாதை இருந்தது. பிரெடெரிக் கோட்டையும் ஒஸ்ரன்பேக் கோட்டையும் இருந்தன. எண்ணெய்க் குதங்களுள் இன்று எஞ்சியவை 99. எஞ்சியவை என்னும் சொல்லே அன்று கூடுதலாக இருந்தமையைக் காட்டும். சகைங் கப்பலோ பின்னர் துறைமுகத்திலேயே அமிழ்த்தப்பட்டு, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நீரடியிற் கிடந்து, 2018 இல் இலங்கைக் கடற்படையினரால் மேலெழுப்பப்பட்டது. இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் தோன்றிய ஆண்டும் மறைந்த ஆண்டும் தேடிக் குறித்தலே அப்பொதியின் முதல் வேலை. அது கணினி வேலையாகத் தோன்றினும் உண்மையில் வரலாற்று வேலையே.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. குண்டு வீசுபவனின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது துறைமுகம் ஒரு வடிவமே. அதிலே மனிதர் தெரியார். பாவனைப் பொறியிலே மீண்டும் தொடங்கு என ஒரு பொத்தான் உண்டு. 1942 இன் அக்காலையில் கப்பற்றுறையிலே நின்ற தொழிலாளிக்கும், ஹரிக்கேனில் எழுந்த இளைஞனுக்கும், திரும்பிச் செல்லாத யப்பானிய விமானிக்கும் அத்தகைய பொத்தான் இருக்கவில்லை. பிழை செய்தும் உயிர்பிழைக்க வேண்டுமென்றே லிங்க் தம் பெட்டியை ஆக்கினார். அப்பெட்டியின் வழித்தோன்றலைக் கொண்டு பிறர் உயிரிழந்த நாளை மீள நிகழ்த்துவோர், இழந்த உயிர்களின் எண்ணிக்கையையேனும் அறிந்து நிகழ்த்துதல் முறையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பீப்பாயில் தொடங்கிய பாவனைப் பறப்பு துருத்தியையும் கணினியையும் கடந்து செய்மதியை எட்டியமையும், நிலம் அதில் மேன்மேலும் இன்றியமையாததாய் வளர்ந்தமையும் புலனாகும். திருகோணமலையை முற்காலத்தே படமாக வரைந்தோர் அதனைக் கைக்கொள்ள வந்த பிறநாட்டவர். அவர் படங்களிலே பீரங்கி நிற்குமிடமும் நங்கூரமிடும் ஆழமும் செம்மையாக இருந்தன, ஊர்ப்பெயர்கள் சிதைந்திருந்தன. இன்று வரைகருவி எவர்க்கும் எட்டும் பொருளாகிவிட்டது. விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளும், ஒரு கணினியும், பொறுமையும் உள்ள மாணவர் சிலர் தம் ஆசிரியரின் வழிகாட்டலோடு கூடினால், கோணமலைப் பாறையை அதன் செங்குத்தோடும், தம்பலகாம வயல்களை அவற்றின் பசுமையோடும், ஊர்களை அவற்றின் உரிய பெயர்களோடும் அவ்வுலகிலே நிறுவுதல் கூடும்.

அவர் அதனைச் செய்யாதொழியின் பொறி தானே ஊகித்து ஒரு துறைமுகத்தைக் கட்டிவைக்கும். தொலைநாட்டிற் பிறந்து வளரும் திருகோணமலையார் பிள்ளைகள் பலர் தம் மூதாதையர் ஊரை முதன்முதலாகக் காண்பது அத்திரையிலேயே ஆகலாம். அவர் காணும் ஊர் மெய்யான ஊராக இருத்தல் வேண்டும். அதற்குரிய அறிவு இம்மண்ணிலே வாழ்வோரிடமே உள்ளதாதலின், அதனைத் தேடித் தொகுத்து அளித்தலும் அவர் கடனேயாகும்.